அஞ்சலை கொட்டாத உம்

இப்போது உயிரோடு இல்லாத ஒருத்தியின் வாயில் நான் ஒரு 'உம்' வைத்தேன். முப்பது வருடங்களாக அவள் கொட்ட மறுத்த உம் அது.

யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் கெஞ்சவில்லை. ஏன், யாரும் கேட்கக்கூட இல்லை! நானாகத்தான் செய்தேன். கைப்பேசியில், இரண்டு விரல்களால் செய்தேன்.

ஒரு உம்முக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் நினைக்கலாம். கதை கேட்கிற குழந்தைகள் தூங்கிப்போகும்வரை கொட்டுகிற உம் வேறு. எங்கள் மரக்காணத்து உப்பளத்தில் உம் என்றால் கையெழுத்து. அது என்னவென்று சொல்லாமல் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழை விட்டு, தை பிறந்ததும் உப்புப் பாத்திகளில் வேலை தொடங்கும். தேங்கிய சேற்றை வாரிப் போட்டுவிட்டு, தரை இறுகும்வரை காலால் மிதிக்க வேண்டும். சரியாக மிதிக்காத பாத்தியில் உப்பு மண்ணோடு கலந்து கறுத்துப்போகும். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று, ஒன்றாகக் காலைத் தூக்கி, ஒன்றாக வைத்து மிதிப்பார்கள். நாள் முழுக்க இதே வேலை. அலுப்புத் தெரியாமல் இருக்க ஒருவர் கதை சொல்வார். ஒருவர் உம் கொட்டுவார். உம் விழும்போதுதான் வரிசை காலைத் தூக்கும்.

ராஜா ராட்சசன் கதையென்றால் யார் வேண்டுமானாலும் உம் கொட்டலாம். நடந்த கதையென்றால் அப்படி இல்லை... அது நடந்தபோது அங்கே இருந்தவர்தான் கொட்ட வேண்டும். சொல்கிறவர் இல்லாததைச் சேர்த்தால் உம் வராது. உம் வராவிட்டால் கால் எழாது. அத்தனை பேரும் சேற்றில் அப்படியே நிற்பார்கள். சொன்னவர் பின்னால் போய், விஷயத்தைத் திருத்திக்கொண்டு வர வேண்டும்.

கூலிக்கு வருகிற ஒரு பெண்ணால் மேஸ்திரியை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. ஆனால் அவளை உம் கொட்ட வைக்க எந்த மேஸ்திரியாலும் முடியாது! எங்கள் சனத்தைப் பற்றி யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. இப்படி உம் வாங்கி நின்ற கதைகள்தான் எங்களுக்கு இருக்கிற சரித்திரம்.

இதெல்லாம் தெரிந்துதான் செய்தேன். தெரியாமல் செய்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் அந்த வரிசையில் நின்று மிதித்தவள் இல்லை. அம்மா மிதித்தாள், நான் படித்தேன். பிறகு ஆரோவில்லில் ஓர் அலுவலகத்தில், மற்றவர்கள் பேசிய பேச்சுகளைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. ஆறு வருடம். எத்தனையோ பேரின் பேச்சை நான் எழுத்தாக்கினேன். ஒரு காகிதத்தின் மூலையில்கூட ரேவதி என்ற என் பெயர் வந்ததில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காகச் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே சொல்கிறேன், பாருங்கள்!

அப்போதுதான் அந்தச் சுவர் வந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, உப்பு மூட்டை அடுக்கும் பழைய கிடங்கு ஒன்று இருக்கிறது. அதன் வெளிச்சுவர் இருநூறு அடி நீளம், மூன்று ஆள் உயரம். உப்பளத்து மக்களின் கதைகளை அவர்கள் வாயால் சொன்னபடியே அதில் ஓவியமாகத் தீட்டப்போவதாகச் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு க்யூஆர் கோடு இருக்கும். போனைக் காட்டினால் கதை சொன்னவரின் குரல் கேட்கும், உம் கொட்டியவரின் குரலும் கேட்கும். பதிவு செய்து கொடுக்க உள்ளூர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் போய் நின்றேன்.

"செவுத்தோட கடைசியில 'கதைத் தொகுப்பு'ன்னு போட்டு உங்க பேர் எழுதுவோம்" என்றார் ஓவியர்.

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

நடுச்சுவருக்கு எந்தக் கதை என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. வெள்ளத்துக் கதைதான். அதைச் சொல்ல வேண்டியவர் தணிகாசலம் மேஸ்திரி. எழுபது வயதை நெருங்குகிற மனிதர், இன்றைக்கும் நாற்பது ஐம்பது பேர் அவர் சொல்லில்தான் வேலைக்குப் போகிறார்கள். கிடங்கு முதலாளியிடம் பேசிச் சுவரை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

அவர் சொல்லும் கதை இது. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு புயல் மழையில் கழுவேலி ஏரி நிரம்பி, பட்டப்பகலில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் ஏறியது. ஓடை மதகின் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும். தூக்குவதற்கு இரண்டு பேர் போனார்கள். ஒருவர் தணிகாசலம், இன்னொருவர் அளத்துக் காவல்காரர் ஏழுமலை. திரும்பி வந்தது தணிகாசலம் மட்டும். 'ஏழுமலை பயந்துபோய் ரோட்டுப் பக்கம் ஓடிட்டான்' என்று சொன்ன அவர், ஆட்களைத் திரட்டிக் கரையை வெட்டினார். தண்ணீர் வடிந்தது, தெரு பிழைத்தது. ஏழுமலை அதற்குப் பிறகு வரவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

அன்றைக்கு மதகுப் பக்கம் கண்ணால் பார்த்தவர்களில் மேஸ்திரியைத் தவிர மிச்சம் இருந்தது அஞ்சலை அத்தை ஒருத்திதான். உப்புக் கொட்டகையின் கூரைமேல் கைக்குழந்தையோடு ஏறி உட்கார்ந்திருந்தவள் அவள். ஆகவே உம் கொட்ட வேண்டியவளும் அவள்தான்.

தை மாதத்துக் காலையில், வரிசை மிதித்துக்கொண்டிருக்க, வரப்பில் நின்று கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்தேன்.

"ஷட்டராண்ட போவ சொல்ல, தண்ணி முட்டி வரைக்கும் இருக்குது" என்றார் மேஸ்திரி.

"உம்" என்றாள் அஞ்சலை. கால்கள் எழுந்து விழுந்தன.

"நாலு அடி வெக்கிறதுக்குள்ள இடுப்புக்கு வந்துடுச்சு."

"உம்."

"திரும்பிப் பாக்கறேன், ஏழுமலை ரோட்டப் பாத்து ஓட்றான்!"

உம் வரவில்லை.

கால்கள் சேற்றிலேயே நின்றன. எங்கோ ஆள்காட்டிக் குருவி கத்தியது. மேஸ்திரி அஞ்சலையைப் பார்த்தார், அவள் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கேள்விப்பட்டதுதான், அந்த வரியில் அஞ்சலை உம் கொட்ட மாட்டாள் என்று. நேரில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மிதிங்க, மிதிங்க! வெயில் ஏறுதுல்ல!" என்று அதட்டினார் மேஸ்திரி. உம் இல்லாமலே வரிசை நகர்ந்தது, ஆளுக்கு ஒரு பக்கமாக.

வேலை முடிந்ததும் அஞ்சலை அத்தை என்னைக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டாள்.

"ரேவதி, அத நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன் அத்தை."

"அவரு ஓடல. பயந்துக்கினு திரும்பி வந்தது மேஸ்திரிதான். ஏழுமலை அண்ணன் கடப்பாறையத் தூக்கிக்கினு ஒண்டியா போனாரு. ஷட்டர பாதி தூக்கிட்டாரு. கரை பொளந்துக்கிச்சு. கரையோட அவரும் போயிட்டாரு. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

"இத்தன வருசமா ஏன் அத்தை சொல்லல?"

"என் பசங்க ரெண்டு பேரும் அவரு ஆளுங்கதான். நான் சொல்லிட்டா அதுங்க எங்க போய் நிக்கும்? அது பொய்யின்னு வாயத் தொறந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்லடி. ஆனா ஒரு தபா கூட உம் கொட்டினதில்ல. மங்காத்தாவுக்கு அது போதும்."

மங்காத்தா, ஏழுமலையின் மனைவி. தெருவே 'ஓடிப்போனவன் பொண்டாட்டி' என்று பேசியபோது அவள் அஞ்சலையிடம் வந்து கேட்டிருக்கிறாள். "நான் உம் கொட்டலியே, பாத்தல்ல?" என்று மட்டும் அஞ்சலை சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு பதிலை நம்பித்தான் மங்காத்தா பொட்டை அழித்தாள், தாலியைக் கழற்றினாள், புருஷன் ஊருக்காகச் செத்தான் என்று வருடா வருடம் படையல் போட்டாள். அவள் மகள் செல்விக்கு அப்போது ஐந்து வயது. யாராவது அப்பனைச் சொல்லிக் கேலி செய்தால், 'அஞ்சலை அத்தை உம் கொட்டட்டும், அப்ப ஒத்துக்கறேன்' என்று சண்டைக்கு நிற்பாளாம்.

"நீ எதையும் எழுத வேணாம்" என்றாள் அஞ்சலை அத்தை. "நான் சும்மா இருந்த எடத்த மட்டும் வுட்டுடாத. அப்படியே வை."

"வெக்கிறேன் அத்தை" என்றேன்.

வைக்கவில்லை!

பதிவுகளைக் குழுவுக்கு அனுப்பி ஒரு வாரம் கழித்து ஒரு செய்தி வந்தது. 'வெள்ளத்துக் கதையில் ஓர் இடத்தில் சத்தம் நின்றுபோகிறது, சரிபார்க்கவும்.' அவ்வளவுதான். அவர்களுக்கு அது ஒரு தொழில்நுட்பக் கோளாறு. அங்கே சத்தம் நிற்பதுதான் கதை என்று நான் பதில் எழுதியிருக்கலாம். நான்கு வரி போதும்.

எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஏன் நின்றது என்று கேட்பார்கள். மேஸ்திரி காதுக்குப் போகும். அவர் முகம் சுளித்தால் சுவர் கிடைக்காது. ஓவியர் ஏற்கெனவே நடுப்படத்தை வரைந்து காட்டியிருந்தார்: கரையை வெட்டும் கூட்டம், தூரத்தில் முதுகு காட்டி ஓடும் ஒற்றை மனிதன். 'இந்த முதுகுதான் மொத்தச் சுவருக்கும் உயிர்' என்று வேறு சொல்லியிருந்தார். எல்லாம் நின்றுபோனால்... என் பெயர்?

ஆம். கடைசியில் அங்கேதான் வந்து நின்றேன். அஞ்சலையின் பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அதுகூடக் கொஞ்சம் நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணில் நின்றது என் பெயரின் மூன்று எழுத்துகள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அடுப்பில் மீன்குழம்பு. தரையில் உட்கார்ந்து, அதே பதிவில் அஞ்சலை கொட்டிய மற்ற உம்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். புடவைக்கு ரவிக்கைத் துணி பொருத்திப் பார்ப்பதுபோல எது பொருந்தும் என்று பார்த்தேன்! 'இடுப்புக்கு வந்துடுச்சு' என்ற வரிக்குப் பின்னால் வந்த உம் நன்றாகப் பொருந்தியது. அதை நகலெடுத்து அந்த வெற்றிடத்தில் ஒட்டினேன். மேஸ்திரியின் அதட்டலை வெட்டினேன். குருவியையும் வெட்டினேன். குழம்பு கொதித்து வழிவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

'சரிசெய்துவிட்டேன்' என்று எழுதி அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

பழைய பதிவை அழிக்கவில்லை. ஏன்? என்றைக்காவது நேர்மையாக நடந்துகொள்வேன் என்ற நம்பிக்கையா? இல்லை, அழிக்காமல் வைத்திருப்பதாலேயே நான் அவ்வளவு கெட்டவள் இல்லை என்று நினைத்துக்கொள்ளவா? இன்றைக்கும் அது என் கைப்பேசியில் இருக்கிறது.

சுவர் முடிவதற்கு முன்பே அஞ்சலை அத்தை படுத்துவிட்டாள். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இரண்டு மாதம் அலைந்தார்கள். திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தாள். அவள் சாவில் மாரடித்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. அழுதுகொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் ஒன்று தோன்றியது... இனி அவள் அதைக் கேட்கப்போவதில்லை.

ஆறுதலாக இருந்தது. இதையும் ஒப்புக்கொள்கிறேன். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஆறுதலாக இருந்தது.

திறப்பு விழா பெரிதாக நடந்தது. சுவர் அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். பாத்தி மிதிக்கும் கால்கள், உப்பு சுமக்கும் பெண்கள், வாய் திறந்து கதை சொல்லும் முகங்கள், எல்லாம் ஆள் உயரத்துக்கும் மேலே. எங்கள் சனம் தங்களைச் சுவரில் பார்த்து வாயடைத்து நின்றது. சில பெண்கள் ஓவியத்தில் இருந்த தங்கள் கால்களைத் தொட்டுப் பார்த்தார்கள். நடுவில் அந்த முதுகு.

வரிசையில் மிதித்த ஒரு பெண் க்யூஆர் கோடு வழியாகக் கதையைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "அன்னிக்கு அத்தை உம் கொட்டலியே, இதுல கொட்டறாங்க?"

ஒரு பொய்க்கு இன்னொன்று தானாக வந்தது. "அப்புறம் அவங்க வீட்ல ஒரு தபா எடுத்தேன்க்கா. படுத்த படுக்கையில கொட்டினாங்க."

சாகப்போகிறவள் கொட்டிய உம்! அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. மேஸ்திரிக்கு மட்டும் தெரியும், அப்படி ஒரு பதிவு நடக்கவே இல்லை என்று. கதை சொன்னவரே அவர்தானே! அவர் கூட்டத்தைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"நல்லா பண்ணிட்டம்மா" என்றார்.

அதைவிட அவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

இரண்டு நாள் கழித்துச் செல்வி வந்தாள். அவள் கீழ்புத்துப்பட்டில் ஒரு தையல் கூடத்தில் வேலை செய்கிறாள். தினமும் பேருந்தில் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். சுவரில் ஓடும் மனிதனைப் போலவே முதுகு காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களை அவளும் பார்த்திருப்பாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"ரேவதி, நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. அத்தை நெஜமாவே உம் கொட்டினாங்களா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கைப்பேசி மடியில் இருந்தது. பழைய பதிவைப் போட்டுக் காட்ட இரண்டு தடவை தொட்டால் போதும்.

"கொட்டினாங்கக்கா" என்றேன்.

அவள் அழவில்லை. மெல்ல மெல்ல அவள் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை, ஐயோ!

"அப்ப எங்கப்பா சாவல" என்றாள். "ஓடிட்டாருன்னா உயிரோட எங்கியோ இருக்காருன்னுதானே அர்த்தம்?"

 அவமானப்படுவாள், கோபப்படுவாள், என்றைக்காவது மறந்துபோவாள் என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். நம்பிக்கை வரும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. ஊருக்காகச் செத்த அப்பனைவிட, கோழையாக ஓடி எங்கோ உயிரோடு இருக்கும் அப்பன் அவளுக்குப் போதுமாக இருந்தான். எந்த மகளுக்கும் அப்படித்தானே இருக்கும்? எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

அடுத்த வெள்ளிக்கிழமை மங்காத்தாவைக் கடைவீதியில் பார்த்தேன். அறுபது வயது நெற்றியில், முப்பது வருடத்துக்குப் பிறகு, குங்குமப் பொட்டு. யாரோ சிரித்தார்கள். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

"உசுரோட இருக்கிற மனுசனுக்குப் படையல் போட்டிருக்கேன் பாரேன், பாவி நானு!" என்றாள்.

சொல்லுங்கள், அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'இல்லை பெரிம்மா, அவர் செத்துத்தான் போனார், பொட்டை அழியுங்கள்' என்று சந்தையில் நின்று சொல்லியிருக்க வேண்டுமா? ஆமாம், சொல்லியிருக்க வேண்டும்... அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுகையோடு போயிருக்கும். நான் காய்கறிப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

செல்வி தேட ஆரம்பித்தாள். "அவருக்கு உப்பு வேலைய வுட்டா வேற என்னா தெரியும்? உப்பு இருக்கிற எடத்துலதான் இருப்பாரு" என்பது அவள் கணக்கு. லீவு கிடைத்தபோதெல்லாம் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் போய்வந்தாள். ஒவ்வொரு அளமாக நடந்து, பழைய கல்யாணப் போட்டோவைக் காட்டிக் கேட்பாள். 'காணவில்லை' நோட்டீஸை எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தாள். உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்தேன். பெயர், உயரம், இடது புருவத்தில் தழும்பு... ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அவள் வீட்டு வாசல்வரை போனேன். ஒவ்வொரு தடவையும் மங்காத்தா காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுத் திரும்பினேன். வேலையை விட்டுவிட்டேன், காதில் கருவியை மாட்டி யாருடைய குரலையும் கேட்க முடியவில்லை. சுவரின் கோடியில் என் பெயர் இருக்கிறது. பேருந்தில் போகும்போது அந்தப் பக்கத்து ஜன்னலில் நான் உட்காருவதில்லை.

நேற்று மதியம் வேதாரண்யத்திலிருந்து செல்வி போன் செய்தாள். மூச்சு வாங்கப் பேசினாள்.

"ரேவதி, இங்க ஒருத்தர் இருக்காருடி! அளத்துக் கொட்டாயில கெடக்கறாரு. எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல, அவருக்கும் தெரியல, பேச்சே இல்ல. எங்கப்பா ஒசரம்தான். புருவம் நரைச்சுப் போச்சு, தழும்பு இருக்கிற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது."

"அக்கா..." என்றேன்.

"இரு, கேளு. அந்த ஆடியோவ போட்டுக் காட்டலாம்னு பாக்கறேன். அத்தை கொரல கேட்டா ஞாபகம் வருமில்ல? லிங்க் இங்க சுத்திக்கினே இருக்குது, ஓபன் ஆவல. உன் போன்ல இருக்குமே, அனுப்பி வுடு. சீக்கிரம்!"

வைத்துவிட்டாள்.

என் கைப்பேசியில் இரண்டு பதிவுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. உண்மை மேலே, பொய் கீழே. மேலே இருப்பதை அனுப்பியிருந்தால் அந்த இடத்தில் அஞ்சலை மௌனமாக இருப்பாள். செல்விக்கு அது ஒரு நொடியில் புரிந்திருக்கும். அப்பன் ஓடவில்லை, செத்துவிட்டான், எதிரே உட்கார்ந்திருப்பது யாரோ ஒருவர். கடவுளே உட்கார்ந்து எனக்காக ஏற்பாடு செய்து கொடுத்ததைப் போன்ற வாய்ப்பு! வாய் திறக்கக்கூட வேண்டாம். ஒரு விரல் போதும்.

கீழே இருந்ததை அனுப்பினேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். அவள் குரலில் இருந்த அந்த அவசரத்தை உடைக்க மனம் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. உண்மையை அனுப்பினால், பொய்யைச் செய்தது யார் என்பதும் கூடவே போய்ச் சேரும். அதற்குத்தான் பயந்தேன். பெயருக்காகச் செய்தேன், இப்போது அதே பெயரைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிறேன்.

அரைமணி நேரத்தில் அவள் குரல் செய்தி வந்தது.

"ரேவதி... அழறாருடி. கதைய கேட்டுட்டு அழறாரு. என் கையப் புடிச்சுக்கினாரு. எங்கப்பாதான்! கூட்டிக்கினு வரேன். அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

எத்தனையோ வருடமாக யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசாத ஒரு கிழவரிடம் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்து, சேற்றில் கால்கள் மிதிபடும் சத்தத்தைக் கேட்க வைத்தால் எந்த உப்பளத்து மனிதர்தான் அழ மாட்டார்? அவர் எந்த ஊரோ... அவருக்கும் எங்காவது ஒரு மகள் இருந்து, அவளும் தேடிக்கொண்டிருந்தால்? நேற்றிலிருந்து இந்த நினைப்பு வேறு சேர்ந்துகொண்டது.

காலையிலேயே மங்காத்தா வந்துவிட்டாள். பேருந்து பதினொரு மணிக்கு வருகிறதாம். புதுப்புடவை, தலையில் பூ, கையில் ஒரு பை. பைக்குள் வேட்டியும் துண்டும் இருக்கின்றன, கடை மடிப்புக் கலையாமல்.

"நீயும் வா ரேவதி. நீ இல்லன்னா இது நடந்திருக்குமா?" என்றாள்.

புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதுகூடக் கதவைத் திறந்து சொல்லிவிடலாம். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. கைப்பேசியும் பக்கத்தில்தான் இருக்கிறது.

வெளியே அவள் நிலைகொள்ளாமல் நடப்பது கேட்கிறது. கொஞ்சம் முன்னால், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கூச்சத்தோடு ஒன்று கேட்டாள்.

"ரேவதி, தலையெல்லாம் நரைச்சுப் போச்சே... என்னை அவருக்கு அடையாளம் தெரியுமா?"

"தெரியும் பெரிம்மா" என்றேன்.